‘ஃபீல் பண்ணாதீங்க’வுக்கு ஆங்கிலம் என்ன?

புதுச்சேரி கதிர்காமத்தில் வழுதாவூர் சாலையை விட்டு உள்ளே திரும்பும் தெருவொன்றில், மளிகைக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களில் பாதிப் பேர் நர்சிங் படித்தவர்கள். பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ வேலைக்குப் போக மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதி ஒரு சின்ன நாடகம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ பேசுவார். நர்ஸ் பதில் சொல்ல வேண்டும். இலக்கணம், உச்சரிப்போடு, எதிராளியின் மனநிலையைப் புரிந்து பேசினாரா என்பதற்கும் 2018 முதல் மதிப்பெண் உண்டு.

நான் போயிருந்த அன்று ஆசிரியையே நோயாளியின் மகளாக நடித்தார். அம்மாவுக்குக் காலையில் ஆபரேஷன், பயமாக இருக்கிறது என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். எதிரில் இருந்த பெண் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, கையைப் பிடிப்பதுபோல நீட்டி, “டோன்ட் ஃபீல், மேடம்” என்றாள்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் காதுக்கு அது சரியாகத்தான் இருந்தது. ‘ஃபீல் பண்ணாதீங்க மேடம்’, அவ்வளவுதானே? ஆசிரியைதான் பேனாவைக் கீழே வைத்தார். இங்கிலாந்துக்காரர் காதில் அது ‘வருத்தப்படாதீர்கள்’ என்று விழாது. ‘உங்களுக்கு உணர்ச்சியே கூடாது’ என்று விழும்.

பிறகு அந்தப் பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். ஸ்கேலால் கோடு போட்டு இரண்டு பத்தி. சேட் என்றால் சோகம், ஆங்ரி என்றால் கோபம், ஷை என்றால் வெட்கம், ப்ரௌட் என்றால் பெருமை. நூற்றுக்கு மேல் இருக்கும். கசின் என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் காலி. சொற்களை அவள் நன்றாகவே படித்திருந்தாள். அப்படியிருந்தும் ஆறுதல் சொல்லும் இடத்தில் எந்தச் சொல்லும் கைகொடுக்கவில்லை. ஏன்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றியது. மேசை, கதவு, பேருந்து போன்ற சொற்களைப் பட்டியலில் படித்துவிடலாம். உணர்ச்சியையும் குணத்தையும் உறவையும் சொல்லும் சொற்களை அப்படிப் படிக்க முடியவில்லை. இது கதிர்காமத்துப் பெண்ணுக்கு மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. ஆங்கிலம் கற்கும் போலந்து மாணவருக்கும் இதே இடத்தில்தான் கால் இடறுகிறது.

பட்டியல் நமக்குப் பழசு

‘உணர்ச்சிகள்: 50 சொற்கள்’, ‘குணங்கள்: 40 சொற்கள்’ என்று அத்தியாயம் பிரித்துக் கற்பிப்பது மேல்நாட்டு முறை என்று நினைக்கிறோம். நம் நிகண்டுகள் செய்தது அதுதான். சேந்தன் திவாகரம் சொற்களைத் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், பண்பு, செயல் என்று 12 தொகுதிகளாகப் பிரிக்கிறது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வீட்டிலேயே இருந்தது. நிகண்டு தெரிந்த மொழியை அகலப்படுத்தியது. தெரியாத மொழியை ஊட்டவில்லை.

வேற்றுமொழிக்காரர்கள் வந்தபோதுதான் இரண்டு பத்தி நோட்டு பிறந்தது. வீரமாமுனிவர் தமிழ்–லத்தீன் அகராதியைத் தொகுத்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரி மறைப்பணி அச்சகத்தில் தமிழ்–பிரெஞ்சு அகராதி அச்சானது. பாதிரியார்கள் முஸ்ஸே, துப்புய் இருவரின் உழைப்பு அது. சென்னையில் 1862இல் வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி வந்தது. இந்தப் பெரும்பணிகள் இல்லாமல் இரண்டு மொழிக்கு நடுவே யாரும் நடந்திருக்க முடியாது. ஆனால் அகராதி ‘கோபம்’ என்பதற்கு எதிரே ஒரு சொல்லை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். யார் யார்மேல் கோபப்படலாம், எவ்வளவு நேரம், யார் வந்து சமாதானம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்காது.

அந்த மிச்சத்தைச் சுமந்தவர்கள் துபாஷிகள். ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்குத் தலைமைத் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு தமிழில் இருக்கிறது. பிரெஞ்சில் கேட்டதைத் தமிழில் எழுதி வைக்கிற ஒருவருக்கு, துரை சொன்ன சொல்லைவிட, துரை எந்த முகத்தோடு அதைச் சொன்னார் என்பது பிழைப்புக்கே முக்கியம். மொழிபெயர்ப்பின் பாதி வேலை முகக்குறி படிப்பதுதான் என்று புதுச்சேரிக்கு அப்போதே தெரியும்.

எனக்கு வருகிற கோபம்

முதல் இடறல் இலக்கணத்தில் இருக்கிறது. ‘எனக்குக் கோபம் வருது’, ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று சொல்கிறோம். கோபம் எங்கிருந்தோ வருகிறது; நான் அது வந்து சேரும் இடம். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஆங்ரி’. நானே கோபமாக நிற்கிறேன். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், கற்பவர் ‘ஆங்கர் இஸ் கமிங் டு மீ’ என்பார். நாம் சிரிப்போம். ஆனால் அவர் தமிழில் சரியாகச் சிந்தித்திருக்கிறார்.

இங்கே போலந்து மொழி நம் பக்கம். ‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’ என்பதை அவர்கள் ‘யெஸ்த் மி ஸ்முத்னோ’ என்பார்கள். ‘மி’ என்றால் ‘எனக்கு’. வார்சாவில் பிறந்து 1972இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த மொழியியலாளர் அன்னா வியெர்ஸ்பிட்ஸ்கா வாழ்நாள் முழுக்க இதையே ஆராய்ந்தார். ஆங்கிலத்தின் உணர்ச்சிச் சொற்களை மனித குலம் முழுமைக்குமான அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருடைய வாதம். அவர் அடிக்கடி காட்டும் சொல் ‘தென்ஸ்க்னோத்தா’. தொலைவில் இருக்கும் ஒருவருக்காக மனம் நோவது. ஆங்கிலத்தில் அதற்கு நேர்ச்சொல் இல்லை. மூன்று நான்கு சொற்களைச் சேர்த்தால் அருகே வரும் என்கிறார். தமிழருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ‘ஏக்கம்’ என்றால் ஏறக்குறைய வந்துவிடுகிறது.

பிரெஞ்சில் ‘து ம மாங்க்’ என்பார்கள்: நீ எனக்குக் குறைகிறாய். புதுச்சேரியில் பாட்டிகள் ‘பிள்ளைய கண்ணு தேடுது’ என்பார்கள். இரண்டிலும் ‘நான்’ எழுவாய் இல்லை. ‘மிஸ் யூ’வில் மட்டும் நான் ஒரு வேலை செய்கிறேன். அது வந்த பிறகு நாமும் ‘உன்ன மிஸ் பண்றேன்’ என்று ஒரு வினையைப் பண்ணத் தொடங்கிவிட்டோம்.

இரண்டாவது இடறல் உடம்பில். நமக்கு மகிழ்ச்சி குளிர்ச்சியானது: மனசு குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது, கண் குளிரப் பார்த்தேன். துன்பமும் பொறாமையும் எரிச்சல்: வயிறு எரியுது, மனசு வேகுது. ஆங்கிலத்தில் தலைகீழ். அன்பானவர் ‘வார்ம்’, அன்பில்லாதவர் ‘கோல்ட்’. போலந்திலும் அன்பு வெதுவெதுப்புதான். சித்திரை வெயிலில் நிற்கும் ஊருக்கும் பனி பெய்யும் ஊருக்கும் இதமான இடம் ஒன்றாக இருக்குமா? ‘குளிர்ந்த முகம்’ என்பதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் பாராட்டு வசையாகிவிடும்.

மூன்றாவது, உணர்ச்சியின் எல்லைகள். ஆசிரியை ஒருநாள் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்: ‘பத்திரிகை நேர்ல வந்து வைக்கலைன்னு மாமா கோச்சுக்கிட்டார்.’ இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஒரு பையன் ‘ஆங்ரி’ என்றான். இன்னொருத்தி தலையாட்டி மறுத்தாள்: “ஆங்ரின்னா சண்டைக்கு வந்துட்ட மாதிரி இருக்கு மிஸ். மாமா வீட்டுக்குள்ளதான் உட்கார்ந்திருக்கார்.” ‘ஹர்ட்’ என்றான் ஒருவன். அதில் வலி இருக்கிறது, மாமாவின் உரிமை இல்லை. ‘அஃபெண்டட்’டில் மரியாதைக் குறைவு இருக்கிறது, நெருக்கம் இல்லை. ‘சல்க்’ என்று அகராதி சொன்னது. அது குழந்தை மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வதற்கான சொல். மாமாவுக்குச் சொன்னால் இன்னும் கோச்சுக்குவார்.

கோபப்படுவது வேறு, கோபித்துக்கொள்வது வேறு. கோபப்பட யாரும் போதும், ஆட்டோக்காரர்கூடப் போதும். கோச்சுக்கொள்ள உறவு வேண்டும். யாராவது தாம்பூலத் தட்டோடு வந்து சமாதானம் செய்வார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். ஒரு ‘கொள்’ என்ற துணைவினை இத்தனையும் சுமக்கிறது. அரைமணி நேரம் பேசியபின் வகுப்பு எட்டிய முடிவு: ஒரு சொல் தேடாதே, இரண்டு வாக்கியம் சொல். நாங்கள் நேரில் அழைக்காததால் மாமா மனம் நொந்திருக்கிறார். யாராவது போய்ப் பேசும்வரை வரமாட்டார். ஆங்கிலத்தில் அது தடங்கலின்றிப் போகிறது.

வீட்டுக்கு வந்து வேஷம் மாறிய சொற்கள்

கற்பவருக்குத் தெரியாத ஆங்கிலச் சொல்லைவிட, தெரிந்ததாக நினைக்கும் ஆங்கிலச் சொல்தான் ஆபத்து. தமிழ்ப் பேச்சில் புழங்கும் ஆங்கில உணர்ச்சிச் சொற்களைக் கணக்கெடுத்தால், பெரும்பாலானவை இங்கே வந்து வேறு வேலை பார்க்கின்றன.

‘ஃபீல் பண்றான்’ என்றால் வருந்துகிறான். மகிழ்ச்சியை யாரும் ஃபீல் பண்ணுவதில்லை. ‘டென்ஷன் ஆயிட்டார்’ என்றால் பதற்றம் மட்டுமல்ல, எரிச்சலும் கோபமும்தான். ‘லவ்’ என்றால் காதல் மட்டும். ஆங்கிலத்தில் காபியையும் நாய்க்குட்டியையும் பெற்ற தாயையும் லவ் பண்ணலாம். நாம் அந்த ஒரு சொல்லின் வேலையைப் பாசம், அன்பு, பிரியம், நேசம், ஆசை, காதல் என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். ‘சென்டிமென்ட்’ என்றால் தாய்ப்பாசக் காட்சியும் ஆகும், ‘செவ்வாய்க்கிழமை கடை திறக்க மாட்டார், சென்டிமென்ட்’ என்ற சகுனமும் ஆகும். ‘கேரக்டர் சரியில்ல’ என்றால் ஒழுக்கத்தின்மேல் பழி. ‘அட்டிட்யூட்’ என்றால் திமிர். ‘ஈகோ’ என்றால் அடிபட்ட கௌரவம். ‘பொசசிவ்’ என்றால் சினிமா தயவில் ஏறக்குறையப் பாராட்டு. ஆங்கிலத்தில் அது எச்சரிக்கை. ‘ஹோம்லி’ என்று மணமகள் தேவை விளம்பரத்தில் போடுகிறோம். அமெரிக்கருக்கு அதன் பொருள் அழகில்லாதவள்.

இவற்றைப் பிழை என்று தள்ளுவது சுலபம். இவை பிழைகள் அல்ல, தமிழ்ச் சொற்கள். கடன் வாங்கிய துணியை நம் உடம்புக்குத் தைத்துக்கொண்டோம். இதே சொல்லோடு ஆங்கிலம் பேசும் இடத்துக்குப் போகும்போதுதான் சிக்கல். போலந்து மாணவருக்கும் இந்தப் பொறி உண்டு. அவர்களுடைய ‘சிம்பாத்திச்னி’ என்றால் பழக இனிமையானவர்; ஆங்கிலத்தின் ‘சிம்பதெட்டிக்’ என்றால் பரிவுள்ளவர். புதுச்சேரிக்கு இரட்டைப் பொறி. பிரெஞ்சுப் பள்ளியான லிசேவில் படித்த பிள்ளைக்கு ‘சான்சீப்ல்’ என்றால் மென்மனம் கொண்டவர். எழுத்தில் அதே சொல்லான ஆங்கில ‘சென்ஸிபிள்’ என்றால் விவேகமுள்ளவர். மென்மனம் உள்ளவரெல்லாம் விவேகி என்று எந்த மொழியும் உத்தரவாதம் தரவில்லை.

குணத்துக்குச் சொல்லா, கதையா?

ஆங்கிலம் குணத்தைச் சொல்ல அடைமொழிகளைக் குவித்து வைத்திருக்கிறது. கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1936இல் பெரிய வெப்ஸ்டர் அகராதியைப் புரட்டி, மனிதரைப் பிரித்துக்காட்டும் சொற்களை எண்ணினார்கள். 17,953 வந்தது. ஆளுமையை ஐந்து பெரும் கூறுகளாகப் பிரிக்கும் இன்றைய உளவியல் அளவீடு இப்படிப்பட்ட சொற்பட்டியல்களிலிருந்து கிளைத்ததுதான்.

தமிழில் ஒருவரின் குணத்தைக் கேளுங்கள். அடைமொழி வராது, உறுப்பு வரும் அல்லது நிகழ்ச்சி வரும். கை சுத்தம். வாய் நீளம். ஓட்டைவாய். நெஞ்சழுத்தம். எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டான். ‘வெள்ளந்தி’ என்ற ஒற்றைச் சொல்லை ஆங்கிலமாக்கப் போனால் ‘இன்னொசென்ட்’ பாதி, ‘நைவ்’ பாதி. முதலாவது குற்றமற்றவர் என்றும், இரண்டாவது ஏமாளி என்றும் சாய்கிறது. வெள்ளந்தியில் இரண்டும் உண்டு, அதற்கு மேல் நம் வாஞ்சையும் உண்டு.

நோட்டில் ‘ஷை என்றால் வெட்கம்’ என்று இருந்ததே, அதைப் பாருங்கள். மேடை ஏறத் தயங்குவதும் வெட்கம், மணப்பெண் தலை குனிவதும் வெட்கம், ‘வெட்கமா இல்ல உனக்கு?’ என்று கடன்காரனைக் கேட்பதும் வெட்கம். ஆங்கிலம் இதை ஷை, எம்பாரஸ்ட், அஷேம்ட் என்று மூன்றாகப் பிரிக்கிறது. மூன்றாவதில் குற்ற உணர்வு கலந்திருக்கிறது. நேர்காணலில் ‘ஆங்கிலம் பேச அஷேம்டா இருக்கு’ என்று சொல்கிற பையன், தன் கூச்சத்தைச் சொல்லப்போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். மறுபக்கம், ஆங்கிலம் ‘ப்ரைட்’ என்ற ஒன்றில் அடக்குவதை நாம் பெருமிதம், பெருமை, கர்வம், திமிர் என்று தரம் பிரித்திருக்கிறோம். எந்த மொழி வளமானது என்ற கேள்விக்கு இங்கே பொருளில்லை. எந்த இடத்தில் எந்த மொழி கத்தி வைத்து வெட்டுகிறது என்பதுதான் கேள்வி.

கசின் என்ற காலியிடம்

அந்தப் பெண்ணின் நோட்டில் நேர்மையான பகுதி, கசினுக்கு எதிரே விட்டிருந்த வெற்றிடம். என்ன எழுதுவாள்? பெரியப்பா மகன் அண்ணன். சித்தி மகன் தம்பி. மாமா மகன் மச்சான். அத்தை மகன் அத்தான், கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். ஒருவனோடு திருமணம் என்று நினைப்பதே பாவம், இன்னொருவனோடு முறை. இருவரையும் ஆங்கிலம் ஒரே பெட்டியில் போடுகிறது.

லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 1871இல் உலகின் உறவுமுறைகளைத் தொகுத்தபோது, தமிழரின் முறையும் வட அமெரிக்கச் செனகா பழங்குடியினரின் முறையும் வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதைக் கண்டார். தாமஸ் டிரவுட்மன் 1981இல் திராவிட உறவுமுறைக்கென்றே தனி நூல் எழுதினார். மூத்தவரா இளையவரா, தந்தை வழியா தாய் வழியா, கொள்வினை கொடுப்பினை உண்டா இல்லையா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் தமிழில் ஒருவரைக் கூப்பிடவே முடியாது. ஆங்கிலத்துக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை.

போலந்து மொழியில் ஒரு காலத்தில் தந்தையின் சகோதரருக்கு ‘ஸ்த்ரி’, தாயின் சகோதரருக்கு ‘வுய்’ என்று தனித்தனிச் சொல் இருந்தது. இன்று பேச்சில் பெரும்பாலும் தாய்வழிச் சொல்லே இருவருக்கும் போதுமானதாகிவிட்டது. நம் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிற எல்லோரையும் ‘அங்கிள்’ என்னும்போது நாமும் அதே சாலையில் போகிறோமோ என்று தோன்றும். ஆனால் கவனித்தால் அங்கிள் வெளியாருக்கு மட்டுந்தான். சித்தப்பா இன்னும் சித்தப்பாதான். பழைய சொற்களைக் காக்க நாம் ஆங்கிலச் சொல்லை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம். சகலைக்கு ‘கோ-பிரதர்’, ஓரகத்திக்கு ‘கோ-சிஸ்டர்’, சித்தப்பா மகனுக்கு ‘கசின் பிரதர்’ என்று ஆங்கிலத்துக்கே நம் முறையைக் கற்றுக்கொடுத்ததும் உண்டு.

நட்பில் போலந்து நம்மைவிடக் கறார். உயிர் நண்பர் ‘ப்ஷியாச்சேல்’, உடன் படிப்பவர் ‘கொலேகா’, தெரிந்தவர் ‘ஸ்னாயோமி’. எல்லோரையும் ‘ஃப்ரெண்ட்’ என்று சொல்ல அவர்களுக்கு வாய் கூசுகிறது என்பது வியெர்ஸ்பிட்ஸ்கா எழுதியதில் முக்கியமான பகுதி. நாமும் சிநேகிதன், கூட்டாளி, பழக்கம், தெரிஞ்சவங்க என்று பிரித்துத்தான் பேசுகிறோம்.

வார்சாவையும் புதுச்சேரியையும் ஒரே ஆயுளில் இணைத்த எழுத்தாளர் நமக்கு உண்டு. இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழக நாடகப் பள்ளிக்கு வந்தார். போலந்து வாழ்க்கையை வைத்து ‘ஏசுவின் தோழர்கள்’ நாவலை எழுதினார். ஒரு மக்களின் மனசைத் தெரிந்துகொள்ளச் சொற்பட்டியலைவிட ஒரு நாவல் அதிகம் தரும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

ஆய்வுகள் சொல்வது

உணர்ச்சிகள் உலகப் பொதுவா? உளவியலாளர் பால் எக்மன் பப்புவா நியூ கினிவரை போய் முகப்படங்களைக் காட்டி ஆராய்ந்து, கோபம், அச்சம், அருவருப்பு, வியப்பு, மகிழ்ச்சி, துயரம் என்ற ஆறும் எங்கும் ஒன்று என்றார். வியெர்ஸ்பிட்ஸ்கா மறுத்தார்: அவை ஆங்கிலச் சொற்கள், நீங்கள் ஆங்கிலத்தை முகத்தில் ஒட்டுகிறீர்கள். 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு 2,474 மொழிகளின் சொற்களை ஒப்பிட்டது. இனிமையா துன்பமா, கிளர்ச்சியா அமைதியா என்ற பெரும் பிரிவுகள் எங்கும் உண்டு. அதற்குள் எந்த உணர்ச்சி எதோடு ஒட்டிக்கிடக்கிறது என்பது மொழிக்குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது என்று கண்டது. ஆஸ்திரோனேசிய மொழிகளில் வியப்பு அச்சத்தை ஒட்டி நிற்கிறதாம். நம் ‘மருட்சி’யும் அங்கேதானே நிற்கிறது.

தொல்காப்பியர் எக்மனுக்கு வெகு காலம் முன்பே எட்டு மெய்ப்பாடுகளை எண்ணியவர். பட்டியலைவிட அவருடைய முறைதான் இன்று நமக்குப் பயன்படும். எதற்கும் அவர் விளக்கப் பொருள் தரவில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்று சொல்கிறார். அழுகை இழிவுபடுத்தப்படுவதிலிருந்தும், இழப்பிலிருந்தும், நிலை தாழ்வதிலிருந்தும், வறுமையிலிருந்தும் வருகிறது. பெருமிதம் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை இவற்றிலிருந்து. பெருமிதம் என்றால் என்ன என்று கேட்ட மாணவனுக்கு, அது எங்கே பிறக்கும் என்று காட்டுகிறார். சொல்லைச் சூழலோடு சேர்த்துக் கொடுக்கிற இந்த முறை இரண்டு பத்தி நோட்டில் இல்லை.

இன்னொரு கேள்வி: கற்றுக்கொண்ட சொல் மனசைத் தொடுமா? துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றவர்களிடம், சிறுவயதில் கேட்கும் அதட்டல்களை இரு மொழியிலும் ஒலிக்கவிட்டு, தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். 2003இல் வந்த அந்த ஆய்வில் தாய்மொழி அதட்டலுக்கு உடம்பு கூடுதலாகச் சிலிர்த்தது. ஜான்–மார்க் தெவேலும் அனேத்தா பவ்லென்கோவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்மொழியாளர்களிடம் கேட்டபோது, வகுப்பறையில் மட்டும் கற்ற மொழி உணர்ச்சிக்கு எடை குறைந்ததாகவே பலருக்கு இருந்தது. அந்த எடைக்குறைவுதான் நம் பையன்களுக்கு வசதி. ‘ஐ லவ் யூ’ வாயில் சட்டென்று வருகிறது. ‘உன்னைக் காதலிக்கிறேன்’ தொண்டையில் நிற்கிறது. ‘சாரி’ சொல்லிவிடலாம், ‘மன்னிச்சிடு’ சொல்ல மனசு வேண்டும்.

சொல்லாமல் விடுவதும் மொழியின் பகுதிதான். தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து மார்கரெட் டிராவிக் 1990இல் எழுதிய நூல், நம் வீடுகளில் அன்பு எவ்வளவு மறைத்து வைக்கப்படுகிறது என்பதைப் பேசுகிறது. பெற்ற பிள்ளையை வாயாரப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும். அக்கறையைத் திட்டிக் காட்டுகிறோம். அம்மாவிடம் ‘தேங்ஸ்’ சொன்னால், “என்னடா அசலாள் மாதிரி” என்பார்.

எதிர்த்திசையிலும் பாடம் உண்டு

இதுவரை தமிழர் ஆங்கிலம் கற்பதைப் பேசினோம். கதிர்காமத்தில் எதிர்த்திசையில் நடக்கிற கல்வியும் அவ்வளவே முக்கியம். இங்கே இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர். பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். 2019 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறை தனிப் பாடமாக இருக்கிறது. தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழிக்கும் இடம் உண்டு.

பாடநூலில் ‘டிப்ரெஷன்’ என்று இருக்கிறது. அகராதி ‘மனச்சோர்வு’ என்கிறது. புறநோயாளிப் பிரிவு வரிசையில் நிற்கும் எந்த அம்மாவும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. மனசே சரியில்ல. எதுலயும் பிடிப்பில்ல. வெறிச்சுனு இருக்கு. நெஞ்சு கனக்குது. கை கால் ஓடல. படபடன்னு வருது. வெளியூர் மாணவருக்கு மட்டுமல்ல, ஆங்கிலவழியில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கும் இவை புதுப்பாடம்தான். மருத்துவத்தில் அவர் உணர்ச்சிகளை ஆங்கிலத்திலேயே கற்றிருக்கிறார்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் ஒரு சிறு கிளினிக்கில் என் பெரியம்மாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். மகன் வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதம். “வயிறு எரியுதுங்க, ராத்திரி தூக்கமே இல்ல” என்றார். டாக்டர் இளைஞர், நல்லவர். காரம் குறைக்கச் சொல்லி, அமிலத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். பெரியம்மா பொய் சொல்லவில்லை, டாக்டரும் தவறாகக் கேட்கவில்லை. பெற்ற வயிறு எரிவதும் இரைப்பை எரிவதும் தமிழில் ஒரே வாக்கியம். “எப்பலேருந்து?” என்ற அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் மகன் கதை வந்திருக்கும்.

வகுப்பறைக்கு என்ன?

இத்தனையும் பார்த்தபின் கற்பிப்பவருக்குச் சில வழிகள் தெளிவாகின்றன. சொல்லைத் தனியாகக் கொடுக்காமல் அது உட்காரும் வாக்கிய அச்சோடு கொடுக்க வேண்டும்: தமிழில் ‘எனக்கு’ என்றால் ஆங்கிலத்தில் ‘ஐ’. தமிழில் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலச் சொற்களை முதல் வாரத்திலேயே மேசைமேல் வைத்து, இங்கே என்ன பொருள், அங்கே என்ன பொருள் என்று பிரித்துவிட வேண்டும். உணர்ச்சி ஒவ்வொன்றுக்கும் தொல்காப்பியர் பாணியில் காரணம் கேட்க வேண்டும்: யாருக்கு, யார்மேல், எதனால், அடுத்து என்ன நடக்கும்? ஒரு சொல் கிடைக்காத இடத்தில் இரண்டு வாக்கியம் சொல்லப் பழக்க வேண்டும். அது தோல்வி அல்ல; துபாஷிகள் செய்த வேலை அதுதான்.

நோட்டில் இரண்டு பத்திக்குப் பதில், சொல், வாக்கிய அச்சு, இங்கும் அங்கும் உள்ள பொருள், காரணம் என்று நான்கு பத்தி போட்டால் போதும். சொற்கள் பாதியாகக் குறையும், அதனால் நஷ்டமில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஆசிரியை சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிறேன். ‘யூ மஸ்ட் பி வொரீட் அபௌட் யுவர் மதர்.’ அம்மாவை நினைத்துக் கவலையாக இருக்கும், இல்லையா? அவள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள். உச்சரிப்பு சரியாக இருந்தது. முகம் சரியாக இல்லை.

“மிஸ், இது ஆறுதல் மாதிரியே இல்ல. அவங்க கவலைப்படறத நாமளே உறுதி பண்ற மாதிரி இருக்கு.”

அவள் சொன்னது சரி. நாம் ஆறுதல் சொல்லும் வாக்கியங்கள் எல்லாம் தடுப்பவை. அழாதீங்க, பயப்படாதீங்க, கவலைப்படாதீங்க, ஃபீல் பண்ணாதீங்க. துன்பத்தை வாசலிலேயே மறிக்கிறோம், ‘நான் பாத்துக்கறேன்’ என்பது அதற்குள் இருக்கிறது. ஆங்கில ஆஸ்பத்திரி எதிர்பார்ப்பது வேறு. துன்பத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்காரவைத்துவிட்டு, பிறகு பேச வேண்டும். ‘டோன்ட் ஃபீல்’ என்று சொன்னபோது அவள் சொல்லில் தவறியது சின்னது. அடியில் இருந்த ஆறுதல் முறையே வேறு என்பதுதான் பெரியது. அதை நூறு சொல் படித்தவளுக்கு யாரும் சொல்லவில்லை.

“அங்க போனா இப்படிச் சொல்லு” என்றார் ஆசிரியை. “இங்க வார்டுல?”

“இங்க இப்படிச் சொன்னா அந்தக்கா அழுதுடுவாங்க மிஸ்.”

அவள் நோட்டைத் திறந்து புது வாக்கியத்தை எழுதினாள். பக்கத்தில் ‘லண்டன்’ என்று குறித்துக்கொண்டாள். அதற்குக் கீழே ‘ஃபீல் பண்ணாதீங்க’ என்று தமிழில் எழுதி, பக்கத்தில் ‘ஊர்ல’ என்று போட்டாள்.